வேடம் போட்டவர் கேட்ட ஓட்டு

சான் பிரான்சிஸ்கோவின் டிராக் கலைஞர் ஹோசே சாரியாவைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. பெண் வேடம் கட்டி பாரில் பாடிய ஒருவர் தற்பால் ஈர்ப்பாளர்களின் உரிமைப் போராட்டத்துக்கு உண்மையிலேயே என்ன செய்திருக்க முடியும் என்பது ஒன்று. அவரை ஒரு முன்னோடி என்று சொல்வது பிற்காலத்தார் கட்டிய கதையா என்பது இன்னொன்று. முதலாவதற்கு விரிவாகவும் இரண்டாவதற்குக் கடைசியில் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன். சாரியா எந்தப் பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர், எந்தச் சட்டத்தையும் மாற்றியவரும் அல்லர். ஆனால் சான் பிரான்சிஸ்கோவில் தற்பால் ஈர்ப்பாளர்கள் என்று ஒரு வாக்காளர் கூட்டம் இருப்பதை எண்ணிக்கையாக முதலில் காட்டியவர் அவர். அது மேடையில் தொடங்கிய வேலை என்பதால் மேடையையும் அரசியலையும் பிரித்து வைத்து அவரைப் புரிந்துகொள்ள முடியாது.

டிராக் என்ற இந்தப் பெண் வேடக் கலையைப் பற்றி முதலில் ஒரு விளக்கம். பலர் இதைத் திருநர் வாழ்க்கையோடு குழப்பிக்கொள்கிறார்கள். திருநர் ஒருவர் பெண்ணாக வாழ்வது அவருடைய அடையாளம். டிராக் ஒரு நிகழ்த்துகலை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்கவும் கூடும் என்பது வேறு விஷயம். நம் பழைய நாடக மேடையின் ஸ்திரீபார்ட்டும் இதுவும் ஒன்றல்ல. ஸ்திரீபார்ட் நடிகர் ஆண் என்பதே சபைக்கு மறந்துபோனால்தான் அவருக்கு வெற்றி. டிராக் கலைஞரோ உள்ளே இருக்கும் ஆணை மறக்க விடுவதில்லை. சாரியா குதிகால் செருப்பும் உதட்டுச் சாயமும் பூண்டு, தன்னுடைய ஆண் குரலிலேயே பாடினார். அந்த முரண்தான் நகைச்சுவை. கேலிக்கு ஆளாகும் கூட்டத்துக்கு அதுவே தெம்பாகவும் இருந்தது.

அவர் 1922 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். தாய் கொலம்பியாவிலிருந்து வந்தவர், தந்தை நிகராகுவாக்காரர். வளர்த்தது வேறொரு குடும்பம். மிகவும் குள்ளமானவர், அப்படியிருந்தும் இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் சேர்ந்து, போருக்குப் பின் ஜெர்மனியிலும் பணியாற்றி, ஸ்டாஃப் சார்ஜென்ட்டாக 1947இல் வெளியே வந்தார். ஆசிரியராக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தார். நடுவே நகரின் ஒரு பெரிய ஹோட்டலில் ஒழுக்கக்கேட்டு வழக்கு ஒன்றில் போலீஸ் அவரைக் கைது செய்தது, அபராதமும் விழுந்தது. அந்தக் காலத்துக் கலிஃபோர்னியாவில் இப்படி ஒரு தீர்ப்பு வந்துவிட்டால் ஆசிரியர் வேலை கிடையாது. அவ்வளவுதான், படிப்பு வீண். மாநிலத்தில் ஆணும் ஆணும் உறவு கொள்வதே குற்றம் என்ற நிலை 1976 வரை நீடித்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கைது முக்கியமான ஒன்று. அரசு வேலை, உரிமம், சமூக மரியாதை என்று இழப்பதற்கு ஏதாவது இருந்த தற்பால் ஈர்ப்பாளர்கள் எல்லோரும் வாய் மூடிக் கிடந்த காலம் அது. சாரியாவிடம் இழப்பதற்கு இருந்தவற்றைப் போலீஸே முன்கூட்டிப் பறித்துவிட்டது. அதற்குப் பிறகு அவரை எதைக் காட்டி மிரட்ட முடியும்?

மாண்ட்கோமெரி தெருவில் 710ஆம் எண்ணில் இருந்த பிளாக் கேட் என்ற பாரில் அவர் பரிமாறுபவராகச் சேர்ந்தார். கலைஞர்களும் எழுத்தாளர்களும் கப்பல்காரர்களும் வந்துபோன பழைய இடம் அது. உரிமையாளர் சோல் ஸ்டூமன் தற்பால் ஈர்ப்பாளர் அல்லர். ஆனால் வாடிக்கையாளரை விரட்ட மாட்டேன் என்பதில் விடாப்பிடியானவர். 'தற்பால் ஈர்ப்பாளர்கள் கூடும் இடம்' என்று சொல்லி 1949இல் பிளாக் கேட்டின் உரிமத்தை மாநில அதிகாரிகள் நிறுத்திவைத்தனர். ஸ்டூமன் நீதிமன்றம் போனார். 1951இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: அத்தகையவர்கள் ஒரு பாருக்கு வந்து குடிப்பதே குற்றமாகாது, சட்டவிரோதச் செயல் நடந்ததை நிரூபிக்க வேண்டும். சட்டமன்றம் சும்மா இருக்குமா? 1955இல் மதுக் கட்டுப்பாட்டுக்கென்று தனித் துறை ஒன்றை உண்டாக்கி, 'வக்கிரர்கள்' கூடும் இடம் என்றாலே உரிமத்தைப் பறிக்கலாம் என்று ஒரு விதியையும் எழுதிக்கொண்டது. வல்லேர்கா வழக்கில் 1959இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியையும் அடித்துவிட்டது. அதிகாரிகள் வேறு வழிகளைத் தேடினார்கள். சாரியாவின் மேடை வாழ்க்கை முழுக்க இந்த இழுபறிக்கு நடுவில் நடந்ததுதான்.

மேசைகளுக்குக் குடிவகைகளைக் கொண்டுபோகும்போதே பியானோவுக்கு ஏற்பப் பாடத் தொடங்கினார். அது பிடித்துப்போய் நிகழ்ச்சியாக வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஓபராக்களைத் திருப்பிப் போட்டு ஒற்றை ஆளாக நடத்துவார். அதிகம் பேசப்பட்டது 'கார்மென்'. அவருடைய கார்மென், மூல ஓபராவின் நாயகியைப் போல ஸ்பெயினின் செவில் நகரத்தில் இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் ஒழுக்கப் பிரிவுப் போலீஸிடம் அகப்படாமல் புதர் புதராக ஒளிகிறாள். அவள் தப்பும்போதெல்லாம் கூட்டம் ஆர்ப்பரிக்கும். அதே சதுக்கத்தில் அதே போலீஸிடமிருந்து முந்தின வாரம் தப்பியவர்களும் தப்பாதவர்களும்தான் பார்வையாளர்கள். மேடையில் நின்று செய்தித்தாளை வாசித்து விமர்சிப்பார், எங்கே சோதனை நடக்கிறது என்று எச்சரிப்பார். மஃப்டியில் வந்து உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரரை அடையாளம் கண்டு சபைக்கு அறிமுகம் செய்துவைப்பார். உளவுக்கு வந்தவருக்கு அதைவிடப் பெரிய அவமானம் உண்டா?

நிகழ்ச்சி முடிவில் எல்லோரையும் எழுந்து தோளோடு தோள் சேர்ந்து நிற்கச் சொல்வார். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில், 'ராணிகளாகிய எங்களைக் கடவுள் காப்பாராக' என்று பொருள்படும் பாடலை அனைவரும் பாடுவார்கள். பாருக்கு அருகிலேயே நகரச் சிறை இருந்தது. சில இரவுகளில் கூட்டத்தை வெளியே அழைத்துப் போய், உள்ளே அடைபட்டிருப்பவர்களுக்குக் கேட்கும்படி பாட வைத்தார். அன்று அங்கே நின்றவர்கள் முதுமையில் பேட்டி கொடுக்கும்போதும் அந்தப் பாடலைச் சொல்லிக் கண் கலங்கினார்கள். கேட்பவருக்குக் கோமாளித்தனமாகத் தெரியும். ஆனால் தன் பெயர் செய்தித்தாளில் வந்துவிடுமோ என்று நடுங்கிக்கொண்டே பாருக்குள் நுழைந்த ஒருவர், வெளியே போகுமுன் இருநூறு பேரோடு சேர்ந்து 'நாங்கள்' என்று உரக்கச் சொல்கிறார். அமைப்பு கட்டுவதில் முதல் கட்டம் அதுதான், அதற்கு முன்னால் கூட்டம் மட்டும்தான் இருந்தது. அவர் மீண்டும் மீண்டும் சொன்ன ஒரு வாசகம் உண்டு: ஒன்றாக நின்றால் நிலைப்போம், பிரிந்து கிடந்தால் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

இனி அவர் சட்டத்தோடு விளையாடியதைப் பார்ப்போம். என் கணிப்பில் அவருடைய திறமை ஓபராவைவிட இதில்தான் அதிகம் வெளிப்பட்டது.

தன் பாலினத்துக்கு உரியதல்லாத உடையில் வெளியே வரக் கூடாது என்று 1863இலேயே சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நகர விதி உண்டு. அது 1974 வரை ஏட்டில் இருந்தது. எல்லோரும் வேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் பண்டிகை இரவில் மட்டும் போலீஸ் கண்டுகொள்ளாது. நள்ளிரவு தாண்டியதும் பண்டிகை முடிந்துவிட்டது என்று வேன்களோடு வந்து நிற்கும். ஏமாற்றும் நோக்கத்தோடு பெண் வேடம் போட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. சாரியா அந்த 'ஏமாற்றும் நோக்கம்' என்ற இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டார். கருப்புப் பூனை வடிவத்தில் சிறு அட்டைகள் செய்து, 'நான் ஒரு பையன்' என்று அதில் எழுதி, வேடம் போட்ட எல்லோருக்கும் கொடுத்தார். போலீஸ் பிடித்தால் அந்த அட்டையைக் காட்ட வேண்டியதுதான். நெஞ்சிலேயே எழுதிக் குத்தியிருக்கும்போது யாரை ஏமாற்றியதாகச் சொல்ல முடியும்? அந்த உத்தி பலித்தது.

இதைவிட ஆழமாகப் பாய்ந்தது இன்னொரு அறிவுரை. அந்நாளில் பாரிலோ பூங்காவிலோ பிடிபட்டவர் மறுநாள் நீதிமன்றத்தில் தலையைக் குனிந்து குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டு ஓடிவிடுவார். வழக்கை இழுத்தால் முதலாளிக்கும் வீட்டுக்கும் தெரிந்துவிடும் என்ற பயம். போலீஸுக்கு இது மிக வசதி: சாட்சியம் வேண்டாம், விசாரணை வேண்டாம், கணக்கில் ஒரு தண்டனை கூடும். சாரியா மேடையிலிருந்து சொன்னது: குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள், ஜூரி விசாரணை கேளுங்கள். ஒவ்வொரு சில்லறை வழக்குக்கும் ஜூரியை உட்கார வைப்பது என்றால் எந்த நீதிமன்றத்துக்கும் மூச்சு முட்டும். அவர் பேச்சைக் கேட்டுப் பலர் அப்படியே கேட்கத் தொடங்கினார்கள். வழக்குகள் குவிந்தன. ஆதாரத்தைக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று நீதிபதிகளே போலீஸிடம் கேட்கும் நிலை வந்தது. ஒரு பாடகர், ஒரு ரூபாய் செலவில்லாமல், நீதிமன்ற நடைமுறையையே தன் தரப்பு ஆயுதமாக்கிய கதை இது. உரிமை இயக்க வரலாறுகளில் ஊர்வலங்களுக்குக் கிடைக்கும் இடம் இத்தகைய வேலைகளுக்குக் கிடைப்பதில்லை என்பதில் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு.

பின்னணி சூடாகிக்கொண்டே இருந்தது. 1959 மேயர் தேர்தலில், நகரம் தற்பால் ஈர்ப்பாளர்களின் தலைமையிடமாக மாறிவிட்டது என்று பதவியில் இருந்த ஜார்ஜ் கிறிஸ்டோஃபரை எதிர்த்து நின்ற ரசல் வோல்டன் குற்றம் சாட்டினார். கிறிஸ்டோஃபர் வென்றார். மறு ஆண்டே, பார்களை விட்டுவைப்பதற்குப் போலீஸார் லஞ்சம் வாங்கியதை உரிமையாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். விசாரணைக்குப் போன போலீஸாரில் பெரும்பாலோர் விடுதலையானார்கள். பின்னர் போலீஸின் கோபம் பார்கள்மேல் இறங்கியது. 1961இல் டே-புஷ் இன் என்ற இடத்தில் ஒரே இரவில் நூறு பேருக்கு மேல் அள்ளிச் செல்லப்பட்டனர்.

அந்தச் சூழலில், அதே ஆண்டு, சாரியா நகரின் மேற்பார்வையாளர் மன்றத் தேர்தலுக்கு வேட்புமனு கொடுத்தார். மாநகராட்சி உறுப்பினர் பதவி போன்றது என்று புரிந்துகொள்ளலாம், அதிகாரம் மட்டும் அதைவிடக் கூடுதல். ஐந்து இடங்களுக்கான தேர்தல் அது. தன்னைத் தற்பால் ஈர்ப்பாளர் என்று மறைக்காமல் அமெரிக்காவில் ஒரு பொதுப் பதவிக்குப் போட்டியிட்ட முதல் ஆள் அவர்தான். மனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போடவே ஆட்கள் பயந்தார்கள். கையெழுத்து என்றால் பெயர், பெயர் என்றால் ஆபத்து.

மனுத்தாக்கலின் கடைசி நாளில் ஐந்து இடங்களுக்கு ஐந்து பேர்கூடத் தேறவில்லை என்றும், சாரியா போட்டியின்றி ஜெயித்துவிடுவார் என்று அதிகாரிகள் பதறிப்போய் மாலைக்குள் ஆட்களைத் திரட்டி நிறுத்தினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. அவரே சொல்லிச் சொல்லிப் பரவிய கதை. மேடைக்காரர் சொல்லும் கதையைக் கொஞ்சம் சலித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வேட்பாளர் பட்டியல் நீண்டிருந்தது என்பதும், அத்தனை பேரில் சாரியா ஒன்பதாவதாக வந்தார் என்பதும் மட்டும் சலித்த பிறகும் நிற்கின்றன. அவருக்கு விழுந்தவை சற்றேறக்குறைய 6,000 வாக்குகள்.

தோல்விதான். ஆனால் அரசியல்வாதிகள் தோற்றவருக்கு எத்தனை வாக்கு விழுந்தது என்றும் பார்ப்பார்கள். இந்தத் தேர்தல் வரை, இவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது. இருப்பவர்கள் வெளியே வந்து வாக்களிப்பார்களா என்பதும் தெரியாது. வாக்குச்சாவடியின் திரைக்குப் பின்னால் யார் என்ன செய்தார்கள் என்று எந்தப் போலீஸும் கண்டுபிடிக்க முடியாது என்பதைச் சாரியா புரிந்துவைத்திருந்தார். ஊர்வலத்துக்கு அழைத்தால் பத்துப் பேர் வருவார்கள். ரகசிய வாக்குக்கு அழைத்தால் ஆயிரக்கணக்கில் வருவார்கள். அன்றிலிருந்து சான் பிரான்சிஸ்கோவில் தேர்தலுக்கு நிற்பவர்கள் எங்களோடு பேசாமல் இருந்ததில்லை என்று அவர் பின்னாளில் பெருமையோடு சொன்னார். அதில் மிகை கொஞ்சம்தான்.

இந்தக் காலத்தில் அவர் அமைப்புகளையும் கட்டினார். கை ஸ்ட்ரெய்ட் என்பவரோடு சேர்ந்து குடிமைக் கல்விக்கான ஒரு கழகத்தைத் தொடங்கினார். அதன் செய்தித்தாள் பார்களில் விநியோகமானது. 1962இல் பார் உரிமையாளர்களும் ஊழியர்களும் சேர்ந்து டேவர்ன் கில்டு என்ற சங்கத்தை அமைத்தார்கள். பிடிபட்டவர்களுக்கு வழக்கறிஞரும் ஜாமீனும் ஏற்பாடு செய்தது அந்தச் சங்கம். 1964இல் உருவான தனிநபர் உரிமைகளுக்கான சங்கத்திலும் அவருக்குப் பங்கு உண்டு.

பிளாக் கேட் தப்பவில்லை. 1963 அக்டோபரில், ஹாலோவீனுக்கு முந்தின நாள், அதன் மது உரிமம் ரத்தானது. நாளைத் தேர்ந்தெடுத்ததிலேயே அதிகாரிகளின் வன்மம் தெரிகிறது. மறுநாள் விழா நடந்தது, குளிர்பானம் ஊற்றிக்கொடுத்து. 1964 தொடக்கத்தில் பார் நிரந்தரமாக மூடப்பட்டது.

மேடை போனது. அடுத்து என்ன? டேவர்ன் கில்டு நடத்திய நடன விழாவில் சாரியாவை ராணியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ராணியாக ஏற்கெனவே இருக்கிறேனே என்று சொல்லி, தன்னைச் சான் பிரான்சிஸ்கோவின் பேரரசி முதலாம் ஹோசே, நார்ட்டனின் விதவை என்று அறிவித்துக்கொண்டார். ஜோஷுவா நார்ட்டன் என்ற நொடித்துப்போன வியாபாரி 1859இல் தன்னை அமெரிக்காவின் பேரரசர் என்று பிரகடனம் செய்தார். அவர் 1880இல் இறக்கும் வரை ஊரே அவரைச் செல்லமாக ஏற்று நடத்தியது. ஊர் சிரித்துக்கொண்டே மரியாதை செய்த ஒரு பைத்தியக்காரரைத் தேடிப்பிடித்துக் கணவராக்கிக்கொண்டதில் ஒரு கணக்கு இருந்தது: உங்கள் ஊர் வரலாற்றில் எங்களுக்கும் உறவு உண்டு.

அந்தக் கேலிக் கிரீடத்திலிருந்து 1965இல் பிறந்தது இம்பீரியல் கோர்ட் அமைப்பு. ஆண்டுக்கு ஒரு பேரரசி, பேரரசர், முடிசூட்டு விழா, டிக்கெட் விற்பனை. சேரும் பணம் அறப்பணிகளுக்கு. இன்று அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் அறுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உள்ளன. மொத்த அமைப்பின் தலைமையைச் சாரியா 2007இல் சான் டியேகோவின் நிக்கோல் மர்ரே ராமிரெஸிடம் ஒப்படைத்தார். பின்னாளில் சான் பிரான்சிஸ்கோவின் மேற்பார்வையாளர் மன்றத்துக்கு வென்ற தற்பால் ஈர்ப்பாளரான ஹார்வி மில்க்கின் படத்தோடு 2014இல் வெளியான அஞ்சல்தலைக்காகப் பிரசாரம் செய்தவர்களில் இந்தக் கோர்ட்டுக்காரர்கள் முக்கியமானவர்கள்.

அவருக்கு விமர்சகர்களும் உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. அந்தக் காலத்து 'கண்ணியமான' உரிமை அமைப்புகள் டிராக்கை வெறுத்தன. 1965இல் வெள்ளை மாளிகை முன் மறியல் செய்த ஃபிராங்க் காமெனி, ஆண்கள் கோட்டும் டையும் அணிந்து வர வேண்டும் என்று வற்புறுத்தியவர். நாங்களும் உங்களைப் போன்றவர்களே என்று அரசுக்குக் காட்டுவது அவர் வழி. வேலை இழந்த அரசு ஊழியரான காமெனிக்கு அந்த உத்தி பொருந்தியது; பாரிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட பெண்மை கலந்த ஆண்களுக்கு அதில் இடம் இல்லை. எழுபதுகளின் இளைஞர்களுக்கோ முடிசூட்டு விழாக்கள் பழைய பாணிக் கூத்தாகத் தெரிந்தன. கோர்ட் அரசியலைவிட்டு அறக்கட்டளையாக மாறிப்போனது என்ற குறையை நானும் ஏற்கிறேன். பிளாக் கேட் கூட்டத்தில் பெரும்பாலோர் ஆண்கள். பெண்களின் பிரச்சினைகள் அந்த மேடையில் எவ்வளவு ஒலித்தன என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

2006இல், தற்பால் ஈர்ப்பாளர்கள் திரண்டு வாழும் காஸ்ட்ரோ பகுதியில் 16ஆம் தெருவின் ஒரு துண்டுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2013 ஆகஸ்ட் 19 அன்று நியூ மெக்சிகோவில் இறந்தார். சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தில் இறுதி வழிபாடு நடந்தது. கருப்பு கவுனும் முகத்திரையுமாகப் பேரரசிகள் வந்து நிறைந்தார்கள். நகருக்கு அருகிலுள்ள கோல்மாவில் நார்ட்டனின் கல்லறைக்கு அருகிலேயே அவரைப் புதைத்தார்கள், அந்த இடத்தை அவரே முன்கூட்டித் தேர்ந்துவைத்திருந்தார்.

இனி, முன்னோடி என்பது பிற்காலக் கதையா என்ற இரண்டாவது பகுதிக்கு, அதாவது 'முதல்' என்ற பட்டத்துக்கு வருகிறேன். போட்டியிட்ட முதல் ஆள் சாரியா என்பதில் தகராறு இல்லை. வெளிப்படையாக இருந்துகொண்டு வென்ற முதல் ஆள் ஹார்வி மில்க் என்று பலரும் எழுதுவது தவறு. 1974இல் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் கேத்தி கோசச்செங்கோ நகர மன்றத்துக்கு வென்றுவிட்டார். மில்க் 1977இல் வென்றதற்கும் சாரியா 1961இல் தோற்றதற்கும் நடுவே தேர்தல் முறையிலேயே ஒரு வித்தியாசம் இருந்தது. சாரியா நின்றபோது முழு நகரமும் ஒரே தொகுதி. மில்க்கும் அந்த முறையில் 1973இலும் 1975இலும் நின்று தோற்றார். 1976இல் வாக்காளர்கள் முறையை மாற்றி நகரை வட்டாரங்களாகப் பிரித்தார்கள். காஸ்ட்ரோ அடங்கிய ஐந்தாம் வட்டாரத்தில் நின்றுதான் மில்க் மன்றத்துக்குள் போனார். சிதறிக்கிடந்த 6,000 வாக்குகள் நகரம் முழுவதும் பரவினால் ஒன்பதாம் இடம். ஒரு வட்டாரத்தில் குவிந்தால் ஒரு நாற்காலி.